அலமாரியின் சாவி யாரிடம்?

நம் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நூல் நிலையம் உண்டா என்று எவரையேனும் கேட்டால், "உண்டு" என்றே விடை வரும். அலமாரிகள் எத்தனை, புத்தகங்கள் எத்தனை என்று கேட்டாலும் கணக்குத் தவறாமல் வரும். "அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கேதான் பலர் தயங்குவர். தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது என்பார் ஒருவர். பொறுப்பாளர் இன்று விடுப்பு என்பார் மற்றொருவர். சாவி பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கும் வரையில், அங்கே உள்ளது புத்தகக் கிடங்கு. அதை நூல் நிலையம் என்று அழைப்பது பெயரளவில்தான் பொருந்தும்.

இக்கேள்வி நேற்றுப் பிறந்ததன்று. பினாங்குத் தீவில் தமிழ்க் கல்வி தொடங்கிய நாள்தொட்டு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, இது உருமாறி உருமாறி நம்மைத் தொடர்ந்து வந்திருக்கிறது. ஒரு காலத்தில் பணம் பூட்டாக இருந்தது. ஒரு காலத்தில் தோட்டத்தின் தூரம் பூட்டாக இருந்தது. ஒவ்வொரு பூட்டையும் திறக்க யாரோ சிலர் பாடுபட்டனர். இன்று எஞ்சியிருப்பது எந்தப் பூட்டு, அதை எப்படித் திறப்பது என்று அறிவதற்கு அந்த வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் நலம்.

பிரான்சிஸ் லைட் 1786-ம் ஆண்டில் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். முப்பது ஆண்டுகள் சென்றபின், 1816-ம் ஆண்டில், ஹட்சிங்ஸ் பாதிரியார் ஜார்ஜ் டவுனில் பினாங்கு பிரீ ஸ்கூலை நிறுவினார். அப்பள்ளியைச் சார்ந்து அதே ஆண்டில் ஏற்பட்ட தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கொண்டு, 2016-ம் ஆண்டில் மலேசியத் தமிழர் இருநூறாவது ஆண்டு விழாக் கொண்டாடினர். அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1817-ல், இத்தீவில் ஒரு நூல் நிலையமும் தோன்றியது. இன்றைய பினாங்குப் பொது நூல் நிலையம் தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணி வருகிறது. அந்நாளில் அது சந்தா கட்டவல்லவர்களுக்கு உரிய இடம்.

நேயர்களே, இதை ஊன்றிக் கவனியுங்கள். ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில், தமிழ் வகுப்பும் பிறந்தது, நூல் நிலையமும் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுடைய மகனுக்கு எழுத்துக் கற்பிக்கலாம் என்று எண்ணிய அக்காலம், அவன் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்று எண்ணவில்லை. எழுத்துக் கற்பது வேலைக்கு உதவும். வாசிப்பது எதற்கு உதவும் என்ற எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. அவ்வேரின் கிளைகள் இன்றும் நம்மிடையே தழைத்திருக்கின்றன.

நிற்க. தீவுக்கு எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை என்று வழங்கும் நிலப்பரப்பு, முன்னாளில் வெல்லஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். அவ்வொப்பந்த முறை 1910-ம் ஆண்டில்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. தோட்டங்களில் குடும்பங்கள் நிலைத்தன, பிள்ளைகள் பிறந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருத்தல் வேண்டும் என்று மலாய் ஐக்கிய நாடுகளின் 1912-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1923-ம் ஆண்டுச் சட்டங்கள் அக்கடமையை மேலும் வலியுறுத்தின.

சட்டம் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. எத்தகைய பள்ளிக்கூடம்? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரே உபாத்தியாயர். சில இடங்களில் அவ்வுபாத்தியாயரும் தனியாக இல்லை. கங்காணியோ, நம்மைப் போன்ற கிராணியோ, தம் வேலை ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் என்றால் பாடப்புத்தகம் ஒன்றுதான். அதுவும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்டது. பால்மரக் காட்டில் பிறந்த குழந்தை, தான் கண்டறியாத காவிரியைப் பற்றியும் வைகையைப் பற்றியும் படித்தது. விடியுமுன் எழுந்து தன் தாய் பால் வெட்டப் போகும் மரத்தைப் பற்றிப் படிப்பது அரிதாக இருந்தது. தன் வாழ்வு புத்தகத்தில் இடம்பெறத் தக்கதன்று என்ற பாடத்தையும் அக்குழந்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டது. நமது வரலாற்றில் இதுவே மிகக் கொடிய பூட்டு என்று சொல்லத் துணிகிறோம். இதற்கு இரும்பும் இல்லை, திறவுகோலும் இல்லை. பிள்ளையின் மனத்துக்குள்ளேயே அது தொங்குகிறது.

இந்நிலையில் தமிழரைத் தட்டி எழுப்பியவை பத்திரிகைகள். 1880-களிலேயே நாகூர்க் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் இருந்துகொண்டு 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். கோலாலம்பூரில் 1924-ம் ஆண்டில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1929-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் வந்து இறங்கி, மலாயாத் தமிழரிடையே சுயமரியாதைக் கொள்கையைப் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-ம் ஆண்டில் 'தமிழ் முரசு' பத்திரிகையை நிறுவினார். தோட்டத்து லயங்களில் மாலை வேளையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் பரவியது. பெற்றோர்க்கு எழுத்துத் தெரியாத வீட்டில், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையே வாசித்துக் காட்டியது. பரீட்சைக்காகவோ உபாத்தியாயரின் பிரம்புக்காகவோ அப்பிள்ளை வாசிக்கவில்லை. தன் வீட்டார் உலகத்தை அறிவதற்காக வாசித்தது. அதன் வாசிப்புக்கு ஒரு பயன் இருந்தது. கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர்.

பத்திரிகைகள் மேலும் ஒரு படி சென்றன. 1950-ம் ஆண்டில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்திப் புதியவர்களுக்குக் கதை எழுதப் பயிற்சி அளித்தனர். அதே பத்தாண்டில் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை வெளியிட்டது. அவ்விரண்டிலும் எழுதப் பழகியவர்கள் பலர் பின்னாளில் இந்நாட்டின் எழுத்தாளர்களாக விளங்கினர். 'தமிழ் நேசன்' 2019-ம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் மூடப்படவில்லை. வாசிப்பவனைப் பார்த்து, "நீயும் எழுதலாம், வா!" என்று அழைத்த இடத்தில் வாசகரும் பெருகினர், எழுத்தாளரும் பெருகினர். இப்பாடத்தைத்தான் தொடக்கப் பள்ளியின் நூல் நிலையம் கற்றுக்கொள்ள வேண்டும்.

புத்தகத்தைப் பூட்டி வைக்கும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டாம். ஐரோப்பாவில் இடைக்காலத்து மடங்களிலும் கோயில்களிலும் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தனர். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு என்னும் ஊர்ப் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூல் நிலையத்தை இன்றும் காணலாம். கையால் எழுதிய புத்தகம் அரிய பொருளாக இருந்த காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அச்சு வந்து புத்தகம் மலிந்தபின்னும் மனத்திலுள்ள சங்கிலி அறுபடவில்லை.

அச்சங்கிலியை அறுத்தவருள் தலைசிறந்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து, 1924-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். லண்டன் சென்று அக்கலையைக் கற்றார். 1931-ம் ஆண்டில் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து நூல் எழுதினார். புத்தகத்தின் பிறவிப் பயன் அதை எடுத்து வாசிப்பதிலேயே உள்ளது என்பது முதல் விதியின் சாரம். வருபவன் வெறுங்கையோடு திரும்பலாகாது, எந்நூலும் தீண்டுவாரின்றிக் கிடக்கலாகாது, வாசகன் பொழுது வீணாகலாகாது என்பன அடுத்த மூன்றின் கருத்து. ஐந்தாவது விதி, நூல் நிலையம் வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிர் என்று காட்டுகிறது. இந்த ஐந்தாவதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

அவ்விதிகள் ஏட்டளவில் நிற்கவில்லை. அதே 1931-ம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு, கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியால், மாட்டுவண்டியில் நூல் நிலையம் சென்றது. நூல் நிலையத்தைத் தேடி வர இயலாத உழவனிடம் நூல் நிலையமே தேடிச் சென்றது! 1948-ம் ஆண்டில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சந்தா கட்டவல்லவனுக்கே புத்தகம் என்ற பழைய முறையை மாற்றி, ஊர் மக்கள் செலுத்தும் வரியில் ஊருக்கெல்லாம் புத்தகம் என்ற முறையை அது அமைத்தது.

பிள்ளைகளின் நூல் நிலையத்துக்கு வேறிரண்டு சான்றுகள் காட்டுவோம். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்னும் கல்வியாளர், 1930-களின் தொடக்கத்தில் ஒரு நூல் எழுதினார். தமிழில் அது 'பகற்கனவு' என்று வழங்குகிறது. அதில் வரும் உபாத்தியாயர் ஆரம்பப் பள்ளி ஒன்றில் பாடத்தை ஒதுக்கிவைத்துக் கதை சொல்லத் தொடங்குகிறார். பாடப்புத்தகம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டு வகுப்பிலேயே ஒரு சிறு நூல் நிலையம் அமைக்கிறார். பிள்ளைகளை நாடகம் ஆட விடுகிறார். கதையை உபாத்தியாயர் வாயால் கேட்ட பிள்ளை, அதுபோல் இன்னொன்றைத் தேடித் தானே புத்தகத்தை எடுக்கிறது. இதுவே அவர் காட்டிய முறை.

இரண்டாவது சான்று ஜெர்மனி. இரண்டாம் மகாயுத்தத்தில் அந்நாட்டு நகரங்கள் இடிந்து கிடந்தன. ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி லண்டன் சென்றிருந்த ஜெல்லா லெப்மன் என்னும் யூத மாது, யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்தார். உணவும் உடையும் இல்லாத குழந்தைகளுக்குப் புத்தகமும் வேண்டும் என்று வாதாடினார். பல நாடுகளிலிருந்து குழந்தை நூல்களை இரந்து பெற்றார். 1949-ம் ஆண்டில் மூனிக் நகரில் உலக இளைஞர் நூலகத்தைத் திறந்தார். அங்கே பிள்ளைகள் வாசித்ததோடு நில்லாமல், கூடி விவாதித்தனர், ஓவியம் தீட்டினர். பகைமையை ஊட்டி வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறை, பிற நாட்டுக் கதைகளை வாசித்துப் படமாக வரைந்தபோது, பிற நாட்டுப் பிள்ளையும் தன்னைப் போன்ற பிள்ளையே என்று உணர்ந்தது. சமயமும் இனமும் பலவாகக் கலந்து வாழும் பினாங்குக்கு இப்பாடம் மிகப் பொருந்தும் அல்லவா?

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1957-ம் ஆண்டில் மலாயா விடுதலை பெற்றபோது நாட்டில் 800-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றுட் பல தோட்டத்துச் சிறு பள்ளிகள். இன்று ஏறக்குறைய 530 உள்ளன. பினாங்கு மாநிலத்தில் இருப்பவை 28. 1956-ம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின் எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் அமைந்தது. இந்நாட்டுப் பொருள் இந்நாட்டுப் பாடநூலில் இடம்பெற்றது. பள்ளி நூல் நிலையம், வள நிலையம் என்னும் பெயரோடு எல்லாப் பள்ளிகளிலும் ஓர் உறுப்பாயிற்று. 1990-களின் இறுதியில் கல்வி அமைச்சு 'நீலாம்' என்னும் வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. பிள்ளை புத்தகத்தை வாசித்து, நூலின் பெயர், ஆசிரியர் பெயர், சுருக்கம் முதலியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கைக்கேற்பப் பாராட்டும் சான்றும் உண்டு. இப்போது அப்பதிவு கணினியிலும் நடைபெறுகிறது.

திட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. வாசிக்காத பிள்ளையை வாசிக்கத் தூண்டும் எந்த ஏற்பாடும் நல்லதே. ஆனால் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு, பதிவேட்டின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். பெரட்டுக்கு வந்தவன் பெயர் செக்ரோலில் ஏறும். அவன் எத்தனை மரம் வெட்டினான், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தான் என்பது தராசில் தெரியும். அவன் மனத்தில் என்ன இருந்தது என்பதைச் செக்ரோலும் சொல்லாது, தராசும் சொல்லாது. வாசிப்பு நடக்கும் இடமோ மனம். நூறு நூல்களின் பெயரை எழுதிய பிள்ளை, ஒரு நூலையும் மனத்தில் வாங்காமல் இருக்கக்கூடும். மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பதும், பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதுவதும், தோழனுடைய ஏட்டைப் பார்த்து எழுதுவதும் பிள்ளைகளின் குற்றமல்ல. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். பணம், தூரம் என்ற பழைய பூட்டுகள் திறந்தபின் இன்று எஞ்சியுள்ள பூட்டு இதுதான். இது கணக்குப் பூட்டு!

இதைத் திறக்கும் வழி என்ன? பிள்ளை வாசித்தது மனத்தில் இறங்கியதா என்பதை அறிய ஒரே அடையாளம் உண்டு. அது அதிலிருந்து தானாக ஒன்றைச் செய்யும். கதையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும். முடிவு பிடிக்கவில்லையென்றால் மாற்றிச் சொல்லும். நரியைப் போல் நடந்து காட்டும். அரசனைப் போல் அதட்டிக் காட்டும். வண்ணக்கோல் கொடுத்தால் புத்தகத்தில் இல்லாத படத்தை வரையும். ஆகவே நூல் நிலைய நேரம் என்பது வாய்மூடி இருக்கும் நேரமாக மட்டும் இருத்தல் கூடாது. வாரத்தில் ஒரு நாள் கதை சொல்லும் நாளாகட்டும். ஒரு நாள், வாசித்த கதையை நால்வர் ஐவராகச் சேர்ந்து நடித்துக் காட்டட்டும். மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகளே எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்த ஒரு கையெழுத்துப் பத்திரிகை வெளிவரட்டும். தாள் வாங்கும் செலவைத் தவிர அதற்கு வேறு செலவு இல்லை. நம் இளைஞர் சங்கங்கள் முன்னாளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகியவையே. தமிழ்நாட்டிலும் அரசு 2022-ம் ஆண்டில் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்னும் இதழ்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கியது. குழந்தைகளின் கையிலும் பத்திரிகை தவழ வேண்டும் என்பதை இன்று அரசுகளே உணர்ந்துவிட்டன.

இதற்குச் சிலர் தடை சொல்வர். "புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள்" என்பர். கிழியட்டும். நூறு பிள்ளைகள் புரட்டிக் கிழிந்த புத்தகம் தன் கடமையைச் செய்து முடித்த புத்தகம். கரையான் அரித்த புத்தகமோ யாருக்கும் பயன்படாமலே இறந்த புத்தகம். இரண்டில் எது நஷ்டம் என்பதைக் கணக்கெழுதுவோர் சொல்லட்டும். "பரீட்சைக்குப் படிக்கவே நேரம் போதவில்லை" என்பர் மற்றும் சிலர். 1988-ம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் துரத்திவந்த யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-ம் ஆண்டில் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் அதனோடு போயிற்று. பரீட்சை இருந்த நாளிலும், கட்டுரைத் தாளில் சொந்தமாக நாலு வரி எழுத வல்லவன், நாற்பது கதை கேட்டு, நான்கு கதை சொல்லிப் பழகியவனே.

"பெற்றோர் வாசிக்காத வீட்டில் பிள்ளை எப்படி வாசிக்கும்?" என்பது மூன்றாவது தடை. இதில் உண்மை உண்டு; ஆகவே விடையும் கவனமாகச் சொல்லத் தக்கது. வாசிக்கத் தெரியாத பாட்டியிடம் கதை இல்லையா? விடுகதை இல்லையா? தாலாட்டு இல்லையா? தோட்டத்தில் காமன் கூத்து ஆடிய தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். எழுத்தறியாதவரிடம் இலக்கியம் இல்லை என்பது படித்தவரின் மயக்கம். அப்பாட்டியை ஒரு நாள் பள்ளி நூல் நிலையத்துக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, கதை சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் அக்கதையை எழுதட்டும். அன்று முதல் அந்நூல் நிலையத்தில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு புத்தகம் இருக்கும். தன் பாட்டியின் பெயர் அட்டையில் இருப்பதைப் பேரப்பிள்ளை காணும். புத்தகம் என்பது எங்கோ, யாரோ, பெரியவர்கள் எழுதி அனுப்புவது என்ற எண்ணம் அன்றோடு ஒழியும்.

இங்கேதான் ரங்கநாதனின் ஐந்தாவது விதி நமக்குக் கைகொடுக்கிறது. நூல் நிலையம் வளர்கின்ற உயிர் என்றால், ஏழைப் பள்ளியின் நூல் நிலையம் எதைக்கொண்டு வளரும்? மானியம் வரும் ஆண்டில் வளர்ந்து, வராத ஆண்டில் நின்றுவிடுமா? பிள்ளைகள் எழுதும் புத்தகங்களால் அது ஆண்டுதோறும் வளரலாம்.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்கலாம். செபராங் பிறையில் உள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். லாடாங் பாத்து காவான், லாடாங் வால்டோர், லாடாங் பைராம், லாடாங் டிரான்ஸ்கிரியான், லாடாங் மலாக்கோப், லாடாங் மேபீல்டு! லாடாங் என்றால் மலாய் மொழியில் தோட்டம். தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில இடங்களில் வீடமைப்புகளும் ஆலைகளும் எழுந்தன. பாத்து காவானில் 2014-ம் ஆண்டில் இரண்டாவது பினாங்குப் பாலம் வந்து இறங்கி, அவ்விடம் நகரமாகிவிட்டது. தோட்டத்துச் சனங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பல இடங்களில் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது பள்ளிக்கூடத்துப் பலகை ஒன்றே.

அப்பலகையின் கீழ் நாள்தோறும் நுழையும் பிள்ளைக்கு அப்பெயரின் கதை தெரியுமா? மலாக்கோப் என்பது கிரிமியா யுத்தத்தில் 1855-ம் ஆண்டில் பிடிபட்ட ஒரு கோட்டையின் பெயர். அப்பெயர் நம் தோட்டத்துக்கு எங்ஙனம் வந்தது? வால்டோர் என்பது பிரெஞ்சு மொழியில் பொற்பள்ளத்தாக்கு என்று பொருள்படும். அங்கே பொன் விளைவித்தவர் யார்? யாருக்கு விளைவித்தனர்? லயத்தில் எத்தனை வீடு இருந்தது? கிணறு எங்கே இருந்தது? கோயில் திருவிழாவில் யார் தப்படித்தார்? யுத்த காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போட யார் யாரைக் கொண்டுபோயினர்? யார் திரும்பி வந்தனர்? இவற்றிற்கான விடை இன்னும் சில முதியவர்களின் நினைவில் உள்ளது. பல கடைகளைத் தேடினும், பல நூலகங்களைப் புரட்டினும், ஒரு தோட்டத்துச் சாதாரண மக்களின் கதையைச் சொல்லும் குழந்தை நூல் எளிதில் அகப்படாது. அந்நூலை எழுதத் தகுதி வாய்ந்தவர் அப்பள்ளியின் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே. அவர்கள் சென்று கேட்டால் முதியவர்கள் சொல்வார்கள். பிள்ளை கேட்கும்போது மறுக்கும் முதியவர் உண்டோ?

ஆங்கில வழிப் பள்ளியில் பயின்று, தமிழ் நூல்களைப் பின்னாளில் தேடித் தேடிப் படித்த நாம், இதை இரு பக்கமும் நின்று பார்த்தே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சிற்றூரின் பாலத்துக்கும் ஆலமரத்துக்கும் கூடக் குழந்தைக் கதைகள் உண்டு. அம்மொழிப் பிள்ளை தன் ஊரைப் புத்தகத்தில் காண்கிறது. தன் மொழியில் வாழ்வு உண்டு என்று நம்புகிறது. நம் பிள்ளை தன் ஊரைத் தமிழ்ப் புத்தகத்தில் காணாவிட்டால், தமிழ் பரீட்சைக்கு உரிய மொழி, பாட்டியோடு பேசி முடிகின்ற மொழி என்றே எண்ணும். ஆறாம் வகுப்போடு தமிழை மூட்டை கட்டி வைக்கும். பள்ளிகளின் எண்ணிக்கை குறைவதைப் பற்றி நாம் மேடைதோறும் கண்ணீர் வடிக்கிறோம். இருக்கும் பள்ளிக்குள்ளே வாசிப்பு குறைவதற்கு யார் கண்ணீர் வடிப்பது?

ஆகவே பெற்றோரையும் பள்ளி வாரியத்தாரையும் ஆசிரியப் பெருமக்களையும் நாம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். முதலாவது, அலமாரியின் சாவியைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுங்கள். மாதம் ஒருவர் நூலகராக இருக்கட்டும். இரண்டாவது, பதிவேட்டில் எத்தனை நூல் என்று கேட்பதற்கு முன், "அக்கதையை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள், வீட்டிலும் கேளுங்கள். மூன்றாவது, பள்ளி ஆண்டு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அவ்வாண்டில் பிள்ளைகள் எழுதிய ஒரு புத்தகத்தைத் தைத்து, நூல் நிலையத்தில் வையுங்கள்.

1816-ல் தமிழ் வகுப்பும் 1817-ல் நூல் நிலையமும் இத்தீவில் பிறந்து, ஒன்றையொன்று காணாமலே வளர்ந்தன என்று மேலே கண்டோம். அவ்விரண்டையும் சந்திக்க வைப்பதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, சர்க்கார் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் மணி அடித்ததும் ஓர் ஆசிரியர் அலமாரியைத் திறந்துவைத்தால் போதும்.